நுரையீரலுக்குப் போகாத ரத்தம்

பதினோராவது பை கவிழ்ந்து கிடந்தது.

மத்தியானம் ஆய்வகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவியான அவள்தான் ஆராய்ச்சி முடிந்த பதினொரு ஆமைகளையும், அவற்றைக் கொல்ல வைத்திருந்த மயக்க வாயுப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கழுத்துக்கும் முன்காலுக்கும் நடுவே ரத்த ஓட்டக் கருவியின் முனையை அழுத்தி, நுரையீரலுக்குப் போகும் குழாயில் சத்தமே இல்லை என்று மும்முறை பார்த்தபிறகே 'இறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் குளிர் அறையில் மல்லாக்கத்தான் வைத்தாள். வைத்தோமா? அவளுக்கு அவள்மேலேயே நம்பிக்கை கிடையாது.

"அண்ணே, பையை யாராவது தொட்டீங்களா?"

ஆய்வக உதவியாளர் நிமிரவில்லை. "செத்ததத் தொட்டு நான் என்னம்மா பண்ணப் போறேன், கொஞ்சவா? காலையில அறுக்கப் போறாங்க. போய்ப் படிக்கிற வழியப் பாரு."

பையைத் திருப்பி வைத்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடினாள்.

ஆசிரியர் பலகையில் ஆமையின் இதயத்தை வரைந்திருந்தார். கீழறையில் முழுச் சுவர் இல்லை.

"மூச்ச அடக்கினதும் ஒரு நரம்பு நுரையீரலுக்குப் போற வழிய இறுக்கிடும். ரத்தம் அங்க போகாம திரும்ப உடம்புக்கே போயிடும். இதயம் பாட்டுக்கு மெதுவா அடிச்சிட்டே இருக்கும், மணிக்கணக்கா. அந்த ஒரு குழாயப் பாத்துட்டுச் செத்துப்போச்சுன்னு சொல்றவன் கண்ணிருந்தும் குருடன்."

வகுப்பு சிரித்தது. அவள் பேனா கீழே விழுந்தது. பெட்டிக்குள் அவை மூச்சே விட்டிருக்காது. வாயு உள்ளே போயிருக்கவே போயிருக்காது. காலையில் கத்தி வைப்பது உயிர்மேல். ஆய்வகத்துக்குத் திரும்ப ஓடினாள்.

"உசுரு இருக்குண்ணே, குளிர் அறைச் சாவி குடுங்க."

"கையெழுத்து யாரோடது?" உதவியாளர் சாவியை மேசையில் எறிந்தார். "இருந்தா வேலை போறது உனக்கு. என் காதுல எதுவும் விழல." எழுந்து போய்விட்டார்.

குளிர் அறையில் இயந்திரம் சுவருக்குப் பின்னால் தொண்டையைக் கனைப்பதுபோல் இரைந்துகொண்டிருக்க, பாசி நாற்றமும் மருந்து நெடியும் மூக்கில் ஏற, விட்டுவிட்டு எரிந்த குழல் விளக்கின் கீழ் தன் வாயிலிருந்து எழுந்த வெண்புகையினூடே அவள் முதல் பையைத் திறந்தாள். இந்த முறை உடம்புக்குப் போகும் குழாய். முனையை அழுத்தினாள். எண்ணினாள். பத்து. இருபது.

லொப்.

இரண்டாவது பை. லொப். மூன்றாவது. எல்லாவற்றிலும் அதே இடைவெளி. ஒரு நொடி முன்பின் இல்லை.

முனையை எடுத்துக் காற்றில் பிடித்தாள்.

லொப்.

கருவியை அணைத்தாள்.

லொப்.

பைகள் அசைந்தன. பதினொரு கழுத்துகள் மெல்ல நீண்டு பிளாஸ்டிக்கை முன்னால் தள்ளின. கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. பை எதிலும் ஆவி படியவில்லை.

ஓடு. கால் வரவில்லை. கத்து. கத்த மூச்சு வேண்டும். இழுத்தாள். எதுவும் உள்ளே போகவில்லை. மறுபடி இழுத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு வழி இறுகிக்கொண்டது. வாயில் புகை இல்லை.

இருபது எண்ணும் நேரம்.

லொப். இப்போது அவள் விலாவுக்குள்.

பதினொரு வாய்கள் ஒருசேரத் திறந்தன. பதினொரு பைகளும் உள்ளிருந்து வெள்ளையாக மங்கின.