ஆள் இருக்கு லா

சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு நான் ஒருத்திதான் வந்தேன். வெளியே மழை. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ரச வாசம் ஏறி வந்தது. இறங்கிப்போய்ச் சாப்பிடக்கூட அலுப்பாக இருந்தது. மாலைக்குள் மென்பொருள் சோதனைகள் எல்லாம் தேறாவிட்டால் என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

எங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சர்வர். அதில் ஒவ்வொரு சோதனைக்கும் எண் போட்ட ஒரு வாசல் வேண்டும். அதைத்தான் போர்ட் என்போம். ஒரு போர்ட்டில் ஒருவருக்குத்தான் இடம். அதனால் எடுப்பதற்கு முன் எண்ணை உரக்கச் சொல்வோம். வேறு யாராவது வைத்திருந்தால், "ஆள் இருக்கு லா" என்று குரல் வரும்.

காலியாக இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, சோதனையை ஓட விட்டேன். உடனே திரை சிவந்தது. அந்த போர்ட்டை அதற்குள் யாரோ எடுத்துவிட்டார்களாம்.

இன்னொன்று. அதுவும் போயிற்று.

எரிச்சலோடு யாரென்று தேடிப் பார்த்தேன். கமலநாதன் என்று காட்டியது.

கமலநாதன் அண்ணன் போன மென்பொருள் ரிலீஸின்போது, தன் சோதனை முடியும் முன்பே என் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தவர். அப்புறம் எழவேயில்லை. அவர் பெயரை சர்வரிலிருந்து நான்தான் நீக்கினேன்.

ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"எயிட் ஸீரோ எயிட் ஸீரோ எடுக்குறேன்."

ஏசி நின்றது.

கோடாலித் தைல வாசம். அண்ணன் நெற்றியில் தேய்த்துக்கொள்வது.

"ஆள் இருக்கு லா."

பிடரிக்குப் பக்கத்தில். நான் திரும்பவில்லை. பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணே ஒண்ணு விட்டுக்குடுங்கண்ணே. என் வேலை போயிரும்," என்று கிசுகிசுத்தேன். "வேணும்னா என் பக்கத்துலயே உக்காந்துக்குங்க."

அசதியில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

அதற்குப் பிறகு சோதனைகள் ஒன்றுவிடாமல் தேறின. முடிவை அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

செந்தூல் போகும் கொமுட்டர் ரயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு எப்படியோ ஓர் இருக்கை கிடைத்தது. காண்ட்ராக்ட்டை நீட்டித்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. சந்தோஷப்படவும் தெம்பில்லை. என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொல்ல வாயெடுத்தேன்.

தைல வாசம் குப்பென்று அடித்தது.

அவள் அந்த இருக்கைக்கு அருகில் வந்ததும் சட்டென்று பின்வாங்கினாள்.

"சாரி அங்கிள்," என்றாள்.