கீழ்த்தளத்தின் பச்சைப் புள்ளிகள்

பீளமேட்டில், மேலே எட்டு மாடி, கீழே மூன்று அடித்தளம் என்று நிற்கும் அந்த வணிக வளாகத்துக்கு கிளமென்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று நடந்து பார்த்துச் சொல்வது அவன் பிழைப்பு. போன வருடமும் இங்கே வந்திருக்கிறான்.

வாசலில் செக்யூரிட்டி கண்ணையா நோட்டை நீட்டினார்.

“எத்தனாவது பேஸ்மென்ட்டுங்க தம்பி?”

“மூணாவதுங்கண்ணா.”

கண்ணையா குரலைத் தாழ்த்தினார். “அங்கதானுங்க போன மாசம் கிருபாவதியக்கா போய்ச் சேந்துச்சு. சோமனூருக்காரம்மா, கூட்டித் தொடைக்கிற வேல. நெஞ்சு வலி வந்திருக்குது. பதினோரு தடவ போன் போட்டிருக்குதுங்க. ஒன்னுகூடப் போகல. காலைல பம்ப் ரூம் பக்கத்துல கெடந்துச்சு. சிக்னல் நல்லாருக்குதுன்னு எவனோ எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கானுங்க.”

கிளமென்ட் கையெழுத்துப் போட்டான். அந்த எவனோ அவன்தான்.

வேலை பெரிய வித்தை இல்லை. தளத்தின் வரைபடத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரையைத் தொட வேண்டும். சிக்னல் இருந்தால் பச்சைப் புள்ளி விழும், இல்லாவிட்டால் சிவப்பு. இடையிடையே போன் தானாகவே ஆபீஸ் எண்ணை அழைக்கும், மறுமுனையில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். போன வருடம் மூன்றாம் அடித்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கிளமென்ட் இறங்கவில்லை. எதிர் பேக்கரியில் உட்கார்ந்து, இரண்டாம் அடித்தளத்துப் புள்ளிகளை அப்படியே எடுத்து மூன்றாவதில் ஒட்டினான். தேங்காய் பன் தீர்வதற்குள் வேலை தீர்ந்தது.

காலையில் மேலதிகாரி ஜோஸ் சொல்லி அனுப்பியிருந்தார்: “பழைய ரிப்போர்ட் பச்சை. இப்பவும் பச்சையே வந்தா யாருக்கும் தலவலி இல்ல, பாத்துக்க.”

பச்சை என்றால் அங்கே சிக்னல் கொண்டுவரும் ஆன்டெனா வராது. சிவப்பு என்றால் பழைய பொய் தெரிந்து அவன் வேலை போகும். அவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. போன மாதம் கிருபாவதி செய்தி ஆபீசுக்கு வந்த நாளிலிருந்து மனசு மரத்துக் கிடந்தது.

சரிவுப் பாதையில் இறங்கினான். பட்டப்பகல் இரண்டு திருப்பங்களோடு நின்றுவிட்டது. ஒற்றை டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு மாதமாக யாரும் கூட்டாத அந்தத் தளத்தில் பினாயில் வாசனை அடித்தது, இப்போதுதான் துடைத்ததுபோல.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

பம்ப் ரூம் அருகே நின்றான். அவனுக்குப் பின்னால் ஈரத் தரையில் ரப்பர் செருப்பு ஒட்டி ஒட்டி எழும் சத்தம் கேட்டது.

அவன் நின்றதும் அதுவும் நின்றது.

கையிலிருந்த போன் ஆபீஸ் எண்ணை அழைத்தது. திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

அழைப்பு போய்ச் சேர்ந்தது.

‘பீப்’ வரவில்லை. மூச்சு வந்தது, இழுத்து இழுத்து.

“ஏனுங்க... கேக்குதுங்களா?”

கிளமென்டுக்கு ஓடத் தோன்றவில்லை. போனைக் காதோடு அழுத்தினான்.

“ஏனுங்க...”

“கேக்குதுங்கக்கா,” என்றான் மெதுவாக.

“கேக்கலீங்களே... யாராச்சும் இருக்கீங்களா?”

அவன் தொழிலில் அடிக்கடி பார்க்கிற கோளாறுதான். ஒரு பக்கம் பேசுவது மட்டும் மறுபக்கம் கேட்கும்.

“நான் கேக்குறேனுங்க. போன வருசம் நான் இங்க எறங்கவே இல்லீங்கக்கா. பொய்யா எழுதிக் குடுத்துப்போட்டேன்.”

“யாராச்சும்...”

அழைப்பு அறுந்தது.

மேலே வந்து ஜோஸுக்குப் போன் செய்தான். “எல்லாமே செகப்புங்க சார். போன வருசமும் செகப்பாத்தான் இருந்திருக்கும். நான் பாக்கல.”

ஜோஸ் சொன்னார்: “எழுதிக் குடுத்துரு. ஆன்டெனா மாட்டற வரைக்கும் இரு. அப்பறம் வர வேண்டாம்.”

ஒரு மாதத்தில் தளம் முழுக்க ஆன்டெனா மாட்டினார்கள். கடைசிச் சோதனைக்கு கிளமென்ட் இறங்கினான். இப்போது வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒரு மூலை விடாமல் நடந்தான். அத்தனையும் பச்சை. பம்ப் ரூம் அருகே சிக்னல் முழுக்கோடு காட்டியது. போன் அழைத்தது.

“ஏனுங்க... கேக்குதுங்களா?”

“கேக்குதுங்கக்கா.”

“கேக்கலீங்களே...”

பதினோரு தரம் அழைப்பு போனது. பதினோரு தரமும் பதில் சொன்னான். பிறகு தரையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். இந்த முறை எதையும் மாற்றி எழுதவில்லை.

‘சிக்னல்: முழு அளவு. குரல்: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.’