குளிரறை பதில் சொல்லவில்லை

நீல் செத்துக் கிடந்தான்.

தடுப்பூசிகள் வைக்கும் குளிரறைக்கு வெளியே, கன்ட்ரோலர் பெட்டிக்குக் கீழே, பின்மண்டை பிளந்து...

ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள் என்றார் டாக்டர்.

கம்பெனியில் அப்போது இருந்தது வாட்ச்மேன் முனியப்பன் மட்டும். பின்கதவுச் சாவி வைத்திருந்த இன்னொரு ஆள் நீலின் பார்ட்னர் ராகேஷ். அவன் அந்த நேரம் லிங்கராஜபுரத்தில், தன் வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால்! அவன் வீட்டு போன் லைன் அந்த நேரம் முழுக்க இன்டர்நெட்டில் இருந்தது என்றது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரெக்கார்ட்.

முனியப்பனை அள்ளிக்கொண்டு போனார்கள்.

திங்கள். மணி மூன்று. நான்கு மணிக்கு அவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். கொலைக் கேஸ். உள்ளே போனால் வெளியே வருவது எப்போதோ...

ஆஸ்டின் டவுனில் ஒரு ப்ரவுசிங் சென்டர். இன்ஸ்பெக்டர் சந்தானம் வாட்ச்சைப் பார்த்தார்.

"அரை மணி நேரம்தாம்மா. நேத்துலர்ந்து ஸ்டேஷன் வாசல்லயே நிக்கறியேன்னுதான்."

சங்கமித்ரா தலையாட்டினாள். முனியப்பனின் மகள். அதே கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினீயர். நீலசந்திராவில் அவர்கள் தெருவுக்கே முதல் இன்ஜினீயர்.

கூட்டி வந்திருந்த ராகேஷிடம், வீட்டிலிருந்தே எப்படி வேலை பார்த்தான் என்று காட்டச் சொன்னார் சந்தானம். அவன் உற்சாகமாக உட்கார்ந்தான். கறுப்புத் திரை. பாஸ்வேர்ட். கம்பெனியின் லினக்ஸ் மிஷினுக்குள் நுழைந்துவிட்டான்.

"இங்க தட்டறது அந்த மிஷினுக்குப் போகும் சார். அங்கேருந்து சீரியல் கேபிள் வழியா குளிரறை கன்ட்ரோலருக்கு."

டெம்பரேச்சர் கேட்டான். ஒரு நொடி... பதில் வந்தது. 4.

"நேத்து பதினொண்ணுலர்ந்து பதினொண்ணு நாப்பது வரைக்கும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படித்தான் செக் பண்ணேன். ஒரு வாட்ச்மேனுக்கு எதுக்கு சார் இவ்ளோ மரியாதை?"

சங்கமித்ரா அதைக் காதில் வாங்கவில்லை.

"கடைசியா என்ன டெம்பரேச்சர் வந்துச்சு?"

"நாலு. கடைசி வரைக்கும் நாலு. என் கண்ணால பாத்தேன். போதுமா?"

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

குளிரறை இரண்டு முறை சூடாகி, கெட்டுப்போன தடுப்பூசிகள் குழந்தைகளுக்குப் போயிருந்தன. அது தெரியாமலிருக்க டெம்பரேச்சர் ரெக்கார்டை யாரோ திருத்தியிருந்தார்கள். ஆளைப் பிடிக்க, போன வாரம் நீல் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்தான். கேபிளில் போவது, வருவது எல்லாம் நேரத்தோடு ஒரு ஃபைலில் பதிவாகும். தெரிந்த ஒரே ஆள் சங்கமித்ரா.

ஃபைல் திறந்தது.

11.10. கேள்வி. பதில் 4.

11.12. கேள்வி. பதில் இல்லை.

11.14. கேள்வி. பதில் இல்லை.

பதினொன்று நாற்பது வரை... வெறும் கேள்விகள்!

சந்தானம் உறையிலிருந்து போட்டோவை உருவினார். நீலின் உடம்புக்கு அடியில், பிடுங்கி வந்த கேபிள். விழும்போது பிடித்து இழுத்திருக்கிறான். அதைத் திரும்ப மாட்டியதே இன்று காலையில்தான்.

"பதில் வரலைன்னா மனுஷன் நிறுத்திட்டு என்னாச்சுன்னு பாப்பான் சார்," என்றாள் சங்கமித்ரா. "ப்ரோக்ராம் எழுதி ஓடவிட்டுட்டு கொலை பண்ணப் போயிட்டா... அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

ராகேஷ் எழுந்தான். வாசலை கான்ஸ்டபிள் அடைத்தார்.

"லைன் ப்ராப்ளம் சார்... பதில் வரல, ஆனா நான்தான் விடாம கேட்டுட்டிருந்தேன்..."

சந்தானம் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். முனியப்பனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்கள் என்றார். பிறகு ராகேஷின் தோளில் கை போட்டார்.

"பதிலே சொல்லாதவன்கிட்ட இருபத்தெட்டு நிமிஷம் விடாம கேள்வி கேக்கறது எங்க வேலை தம்பி. வாங்க, எப்படின்னு பண்ணிக் காட்டறேன்."