வாரேன் என்று சொன்னவன்

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஒரு அறை கிடைக்க ஆலாய்ப் பறக்க வேண்டும். மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டு அதற்கும் வாடகை கேட்பார்கள். அப்படிப்பட்ட ஜூலை மாதத்தில், ஐந்தருவிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றைப் பார்த்தபடி ஒரு பங்களா முழுதாகக் காலியாகக் கிடந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. காதலிக்கிறவளுக்கு எதுதான் உறைத்திருக்கிறது?

பங்களா தளவாயின் அப்பாவுடையது. தளவாய் என்னைவிட ஒரு வயது மூத்தவன், போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். நான் கடையத்துக்காரி. கல்லூரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, துணிப்பையோடு அவன் பைக்கில் ஏறி வந்திருந்தேன். மறுநாள் காலை கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலில் தாலி, பிறகு பதிவு. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நான் வீடு போய்ச் சேராவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதன் பிறகு எனக்கு வீடு கிடையாது. தளவாய் மட்டும்தான்.

பூட்டைத் திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. சாரல் காலத்தில் எந்த வீடும் அப்படித்தான் நாறும். ஆனால் இதில் வேறு ஒன்றும் கலந்திருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்கிற பெண்ணின் வாடை. ஷாம்பூவும் ஆற்று மண்ணும் சேர்ந்தது.

"யாராவது தங்கியிருக்காங்களா?"

"யாரும் இல்லட்டி. ரிப்பேர் வேல கெடக்குன்னு அப்பா யாருக்கும் குடுக்கல."

சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. கரண்ட்டும் இல்லை. மூன்றரை மணிக்கே கூடம் மங்கிக் கிடந்தது. கூடத்தின் கடைசியில் பின்வாசல் கதவு, உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்கு அந்தப்பக்கம் ஆறு இரைந்துகொண்டிருந்தது.

தளவாய் அந்தக் கதவைப் பார்க்கவே இல்லை. கூடத்தில் எங்கே நின்றாலும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நின்றான். அவன் ஃபோன் நடுங்கியது. 'அப்பா' என்று திரை ஒளிர்ந்தது. துண்டித்துவிட்டான். மறுபடி நடுங்கியது. மறுபடி துண்டித்தான்.

"வீட்டுக்குத் தெரிஞ்சிட்டா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீ இங்கன இரு. சாட்சிக்குப் பயலுவளக் கூட்டிக்கிட்டு, சாப்பாடும் வாங்கிட்டு வாரேன்."

"தனியாவா?"

"கதவச் சாத்திக்கோ. கொஞ்ச நேரம்தான். வாரேன்."

பின்வாசல் கதவுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"எப்ப?"

அவ்வளவுதான். அதட்டல் இல்லை, அழுகை இல்லை. பஸ் எப்போது வரும் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதுபோல் இருந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"ஷெர்லின்..."

"யாரு ஷெர்லின்?"

கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. ஆறு பத்துப் பதினைந்து படிக்குக் கீழே ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் மணல் இருந்தது. மெதுவாக நகர்ந்து வந்து அவன் செருப்பைத் தொட்டு நின்றது. என் பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை.

"யாருன்னு கேக்கேன்லா!"

அப்போதுதான் சொன்னான். போன வருஷம் இதே சாரல் காலம். ஷெர்லின் என்கிற நர்சிங் படிக்கிற பெண். அவளும் ஒரு பையோடு இங்கேதான் வந்திருக்கிறாள், இதே கூடத்துக்கு, இவனை நம்பி. அப்பா ஃபோனில் கத்தியதும் இவன் கிளம்பிவிட்டான். கிளம்பும்போது சொன்ன வார்த்தை, வாரேன்.

"அவ ராத்திரி வரைக்கும் இருந்திருக்கா. அவ சிம்முக்கு இங்கன டவர் கிடைக்காது, கீழ படியில நின்னாத்தான் கிடைக்கும். எனக்கு ஃபோன் போட எறங்கியிருக்கா. மலையில மழை. தண்ணி திடீர்னு வந்துட்டு."

"நீ எடுத்தியா?"

"ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்."

குளிக்க வந்த பெண் வழுக்கி விழுந்து செத்தாள் என்று போலீஸில் கேஸை முடித்துவிட்டார்களாம். இவன் வாயைத் திறக்கவில்லை. அவளைத் தெரியும் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக எனக்குக் கவிதை சொன்ன வாய் அது.

"வாரேன்னு அவகிட்ட எதுக்குச் சொன்ன?"

"கெளம்பும்போது எல்லாரும் அப்படித்தான ஸ்வாதி சொல்லுவோம்? போறேன்னு யாராவது சொல்லுவாவளா? நான் போறேங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன். அவ திரும்ப வருவேன்னு எடுத்துக்கிட்டா. அவதான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டா."

எனக்குப் பயம் எல்லாம் எங்கோ போய்விட்டது. செத்தவள்மேல் பழியைப் போட்டுவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிற்கிறான். இவனுக்காகத்தான் நான் அம்மாவிடம் பொய் சொன்னேன்.

"இப்ப எங்கிட்ட சொன்னியே, அது எந்த வாரேன்?"

அவன் ஃபோன் மறுபடி நடுங்கியது. அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பையை எடுக்கத் திரும்பினேன். பை நான் வைத்த இடத்தில் இல்லை. முன்வாசல் நிலைப்படி ஓரமாக, வெளியே பார்த்தபடி இருந்தது. கைப்பிடி நனைந்திருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வாசலில் நின்று, எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லாத வார்த்தையை அவன் காதில் விழும்படி சொன்னேன்.

"போறேன்."

"ஏட்டி, இரு! மழைக்குள்ள தனியாப் போவாத. நானும் வாரேன்."

பழக்கத்தில் வந்த வார்த்தை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

கூடத்தின் கடைசியில் தாழ்ப்பாள் மெல்ல விலகும் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாலைவரை ஓடினேன். தென்காசி பஸ் நிறைய ஈரத்தலைகள், மங்குஸ்தான் பைகள், கத்தும் குழந்தைகள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டேன். இப்போது போனால் விளக்கு வைப்பதற்குள் வீடு சேர்ந்துவிடலாம். அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்காக அழவில்லை. டவர் தேடிப் படியிறங்கியவளுக்காக அழுதேன்.

இலஞ்சி தாண்டும்போது என் ஃபோன் அடித்தது.

தளவாய்.

திட்டித் தீர்க்கத்தான் எடுத்தேன். அந்தப்பக்கம் அவன் பேசவில்லை. தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டது, மிக அருகில், ஃபோனையே ஆற்றுக்குள் பிடித்திருப்பதுபோல.

"தளவாய்?"

இரைச்சல் சட்டென்று அடங்கியது. பின்வாசலுக்கு அந்தப்பக்கம் கேட்ட அதே பெண் குரல், இப்போது கொஞ்சம் சந்தோஷமாக.

"அவன் வந்துட்டான்க்கா. நீங்க போயிட்டு வாங்க."