வரி எல்லைக்கல்

1947. மயிலாப்பூர். விடிந்து காலை ஆறு மணி. அப்துல் கரீமின் சந்து முனையில் சர்வேயர் லியோனார்ட் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த எல்லைக்கல். கல் நட்டிருந்த குழி காலி.

"கேஸ் முடிஞ்சுது இன்ஸ்பெக்டர்," என்றார் ராவ்பகதூர் சபாநடேச முதலியார். வட்டாரச் சீரமைப்பு போர்டின் தலைவர். பிணத்தைப் பார்க்கவும் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்திருந்தார். "சர்வேயர் மண்டையை உடைப்பேன்னு இந்தக் கரீம் போர்டு கூட்டத்துலயே கத்தினான்."

கத்தக் காரணம் இருந்தது. போர்டு கடன் வாங்கிச் சாலை போடும். அந்தக் கடனை அடைக்க, சர்வேயர் நட்ட எல்லைக்கற்களுக்கு உள்ளே இருக்கும் வீடுகள் வரி கட்ட வேண்டும். சாலை இன்னும் வரவில்லை. வரி வந்துவிட்டது.

"கோவத்துல வாய வுட்டுட்டேன் சார். கல்லைத் தொடவே இல்லே." கரீம் விலங்கு மாட்டிய கைகளைக் கூப்பினார்.

"தூக்குல போட்ருவாங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஹாஜிரா பீ.

இன்ஸ்பெக்டர் பவுல்சாமி குனிந்து கல்லை முகர்ந்தார். ரத்த வாடைக்கு அடியில் நல்லெண்ணெய். கல்லின் இடுக்கில் மஞ்சள்.

"ஏம்மா, இந்தக் கல்லுக்கு யாராச்சும் பூஜை பண்ணுவாங்களா?"

"எங்க சந்துலயா? நாய்தான் சார் காலைத் தூக்கும்."

பவுல்சாமி எல்லை நெடுகக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதலியாரும் விடாமல் கூட வந்தார். எல்லாக் கல்லிலும் வெற்றிலை எச்சில். மஞ்சள் எதிலும் இல்லை. கடைசிக் கல் முதலியாரின் பங்களா வாசலில் நின்றது, பங்களாவை வரிக்கு வெளியே விட்டுவிட்டு. அடியில் புதுமண்.

முதலியாரின் மனைவி முத்துலட்சுமி மஞ்சள் குங்குமத் தட்டோடு வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

"அட ராமா! யாரு கழுவினது? போன வாரம் பூசின மஞ்சளைக் காணோமே!"

"எல்லைக்கல்லுக்கா மஞ்சள்?"

"நட்ட கல்லாச்சே சார்! வாசல்ல நிக்கறதைச் சும்மா விட மனசு வருமா?"

முதலியாரின் தலைப்பாகை சரிந்தது.

"சர்வே படத்துப்படி இந்த எல்லை உங்க பங்களாவுக்குப் பின்னால போகணும் முதலியார். வரிக்குப் பயந்து கல்லை வாசலுக்கு நகர்த்தினீங்க. லியோனார்ட் கண்டுபிடிச்சுட்டார், அந்தக் கல்லாலயே அடிச்சீங்க. பொணத்தையும் கல்லையும் கார்ல கொண்டுபோய் கரீம் சந்துல போட்டுட்டு, அங்கிருந்த கல்லை இங்கே நட்டீங்க. எல்லாம் யோசிச்சீங்க, வீட்டம்மா பக்தியைத் தவிர."

கரீமின் விலங்கு கழன்றது. போர்டின் கடன் மட்டும் கழலவில்லை. மணிக்கட்டுத் தழும்பு மறையும் முன்பே அவருக்கு வரி நோட்டீஸ் வந்தது. அடியில் ராவ்பகதூரின் அலங்காரக் கையெழுத்து. ஆள் ஜெயிலில் இருந்தாலும் அது செல்லுமாம்.