யாருடைய மூச்சு?

"உங்க மூச்சை உங்களாலயே கவனிக்க முடியாதா சார்? உள்ள தூங்கிட்டீங்களா?"

ஸ்கேன் அறையை விட்டு அவன் வெளியே வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்!

சோதனை எளிமையானது. ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக் கண்ணை மூடி, மூச்சு வெளியேறும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சைக் கவனிக்கும்போது மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்று படம் பிடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நெஞ்சில் கட்டிய பட்டை உண்மையான மூச்சைப் பதிவு செய்யும். இவனுக்கோ பட்டை ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம். இத்தனைக்கும் கடைசி ஆள் இவன்தான். இந்தப் பதிவு சரியாக வந்தால் நாளைக்கே ஆராய்ச்சி முடிந்துவிடும்.

"நான் நீச்சல் சொல்லித் தர்றவன் மேடம். மூச்சு விடத்தான் முதல்ல சொல்லித் தருவேன். தூங்கலை."

"அப்போ பொத்தான் ஏன் உளறுது?"

ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அந்தப் பெரிய கண்களைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான். கழற்றி வைத்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

போகட்டும் என்றுதான் நினைத்தாள். குழாய்க்குள் இருப்பவரோடு பேசும் மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்க்கும்வரை... அவள் அதை அணைக்கவே இல்லை! இரண்டு நாளாக அவளுக்கு ஜலதோஷம் வேறு. புஸ் புஸ்ஸென்று அவள் விட்ட மூச்சு முழுக்க அவன் ஹெட்போனில் போயிருக்கிறது. மைக் பதிவைப் பொத்தான் பதிவோடு வைத்துப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது. காது மடல்கள் சூடாயின.

'ஐயோ... என் தப்பை அவர் தலையில கட்டிட்டேனே!'

மன்னிப்புக் கேட்பதா? அவளா? தங்கைக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனாலும் கால்கள் கேட்கவில்லை. குடையை மறந்து ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"மன்னிச்சிருங்க... மைக் ஆன்ல இருந்துச்சு. நீங்க கேட்டது என் மூச்சு. பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்..."

"தெரியும்."

"என்னது?"

"அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொன்னா அணைச்சிருவீங்களே..." அவன் தலை குனிந்தான். "உள்ள அனுப்பும்போது, 'பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்'னு சொன்னீங்க பாருங்க... அதுக்கப்புறம் என் மூச்சு எங்க போச்சுன்னே தெரியலை. தப்புதான்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் இமைகளில் மழைத்துளிகள்... அழகாகத்தான் இருந்தான், பாவி!

"நாளைக்கு வர்றேன் மேடம். ஒழுங்கா அழுத்தறேன். உங்க ஆராய்ச்சி முடியணும்ல?"

தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு ஏனோ தலை ஆடவில்லை.

"வேண்டாம். நீங்க வர வேண்டாம். நான் வேற ஆள் தேடிக்கறேன். பேராசிரியர் திட்டினா வாங்கிக்கறேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. "இன்னும் கோபமா?"

"கோபமில்ல... சோதனை பண்றவங்களுக்கும் உள்ள படுக்கறவங்களுக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. அதுதான் விதி."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நமக்கு நடுவுல... ஏதாவது இருக்கா?"

பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறாததைப் பார்த்துக் கிளம்பியும் போனது.

"இருக்கு," என்றாள்.