ஆள் ஆரப்பா?

கனகலிங்கத்தின் விரல் அன்று தொலைக்காட்சியைக் காட்டவில்லை. திரையில் ஒரு பெரிய மாளிகையின் படிகளில் கிழட்டு இன்ஸ்பெக்டர் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி, வைத்தியர், தோட்டக்காரன் என்று சந்தேகப்பட வேண்டிய எல்லோரும் மழையில் நனைந்தபடி நின்றார்கள். "ஆள் ஆரப்பா?" என்று இராசமலர் வழமைபோலப் புருசனைக் கேட்டாள். அவர் இடது கையைத் தூக்கிச் சுட்டுவிரலை நீட்டினார். அது பெட்டியை விட்டு விலகி, பின்னறை வாசலைக் காட்டியது.

"உங்கை இல்லையப்பா, இஞ்சை பாருங்கோ."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திரைப்பக்கம் திருப்பிவிட்டாள். விட்டதும் அது திரும்ப வாசலுக்கே போயிற்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டாள். அப்போதும் அதே வாசல்தான். வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கியது, அது ஆடக்கூட இல்லை.

இந்த விளையாட்டு அவர்களுக்குள் கலியாணம் முடித்த காலத்திலிருந்தே உண்டு. கனகலிங்கம் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சென்ட்டும் சவர்க்காரமும் கொண்டுவர, அவர் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலத் துப்பறியும் தொடர்களைக் கசெற்றில் கொண்டுவருவார். கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கொலைகாரனைத் தொட்டுக் காட்டிவிடுவார். இராசமலருக்கு ஆங்கிலம் அரைகுறை. கொலைகாரன் வாக்குமூலம் கொடுத்து, விலங்கும் பூட்டிக்கொண்டு போன பிறகும் சிலவேளை அவளுக்கு ஆள் பிடிபடாது. அவருடைய விரலைப் பார்த்துத்தான் அவள் கதை விளங்கிக்கொண்டாள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ரீவியும் இல்லை, கறண்டும் இல்லை. அப்போது கதையை வாயால் சொல்லி, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப நீர் சொல்லும், ஆள் ஆர்?" என்பார். அவள் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, அவர் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை.

வைகாசியில் அவரைப் பாரிசவாதம் அடித்தது. வலது காலும் கையும் போயின, வலப்பக்க முகம் தொங்கியது, பேச்சு அடியோடு நின்றது. லண்டனிலிருந்து மகள் நிவேதனா ஒரு பெரிய ரீவியை வாங்கிப் பூட்டுவித்து, அந்தப் பழைய தொடர்களையெல்லாம் இணையத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். விளக்கு வைத்த பிறகு இருவரும் அதன் முன்னால் இருப்பார்கள். இராசமலர் அவருடைய வலது கையைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்ப்பாள். அது நனைந்த சாக்கு மாதிரிக் கனத்துக் கிடக்கும். ஆனால் இடது கை உயிரோடு இருந்தது. "ஆள் ஆரப்பா?" என்றால் எழும்பி ஆளைக் காட்டும், காட்டியது சரியாகவும் இருக்கும். உள்ளே மனுசன் முழுசாக இருக்கிறார் என்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதுவும் பிழையாகிப் போனால் பிறகு யாரோடு வாழ்வது? அன்றிரவு அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

அந்தப் பின்னறையை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் காங்கேசன்துறையில் ஆமி பிடித்து வைத்திருந்த காணியைத் திரும்ப விட்டபோது, வீட்டின் ஓடும் இல்லை, மரமும் இல்லை, கதவு நிலைகூட இல்லை. பின்னறை மட்டும் முழுசாக நின்றது. அதன் வாசலையும் யன்னலையும் யாரோ கல் வைத்துக் கட்டி அடைத்திருந்தார்கள். மேசன் அடைக்கலநாதன் வாசலை உடைத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பூச்சு உள்பக்கம் பூசிக் கிடக்கு. பூசின சாந்தகப்பையும் உள்ளுக்கைதான் கிடக்கு. உள்ளை நிண்டு கட்டியிருக்கினம்."

"பிறகு எப்பிடி வெளியிலை வந்தவை?"

"கூரையாலை ஏறிப் போயிருப்பினம், வேறென்ன."

கனகலிங்கம் அண்ணாந்து பார்த்தார். அந்த அறைக்கு மட்டும் கொங்கிறீட் முகடு, அதில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் சிரித்துவிட்டார். "மலர், இது நல்ல கேஸ். ஆளை நான் பிடிக்கிறன் பாரும்," என்றார். வீடு கட்டி முடிந்த பிறகும் பின்னேரங்களில் அந்த அறைக்குள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார். கொழுப்பெடுத்த வேலை என்று அவள் ஏசுவாள். வைகாசியில் அவர் விழுந்து கிடந்ததும் அந்த அறைக்குள்தான்.

அடுத்த நாள் விரல் வாசலைக் காட்டவில்லை. வாசலுக்கு இப்பால் நின்ற அலுமாரியைக் காட்டியது. இராசமலருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவுதானா, சட்டை கேட்கிறாரா என்று எண்ணி, அலுமாரியைத் திறந்து, கப்பலுக்குப் போகும் காலத்துக் கோடு போட்ட சேட்டை எடுத்துப் போட்டுவிட்டாள். பொத்தான் பூட்டும்போது அவருடைய கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் அலுமாரியைப் பார்த்தபடியே இருந்தன.

அதற்கடுத்த நாள் அலுமாரிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையிலிருந்த வெறும் நிலத்தைக் காட்டினார். அதில் கேட்டு வாங்க ஒன்றும் இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணில் ஏதோ கோளாறு, கை ஒரு பக்கமாக இழுக்கிறது, அவ்வளவுதான். அந்த இன்ஸ்பெக்டர் என்றால் சும்மா பயந்துகொண்டிருக்க மாட்டார், சோதித்துப் பார்ப்பார். அவளும் சோதித்தாள். அவருடைய சில்லு வைத்த கதிரையை மெல்லப் பிடித்துக் குசினிப் பக்கம் முகம் பார்க்கத் திருப்பினாள். கோளாறு கையில் என்றால் விரல் இப்போது குசினியைக் காட்டவேண்டும். கதிரை திரும்பத் திரும்ப, கனகலிங்கத்தின் கை எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. தோள் முறியும் அளவுக்குப் பின்னால் வளைந்து, அந்த வெறும் நிலத்தையே காட்டிக்கொண்டு நின்றது.

அவள் கதிரையைப் பழையபடி திருப்பி வைத்தாள். தன் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்று எண்ணெய்ச் சிரட்டையை எடுக்கப் போவதுபோலக் குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

கையையும் காலையும் அசைத்துப் பழக்கவென்று வாரத்துக்கு ஒருமுறை வரும் கோபிகா அந்தக் கிழமையும் வந்தாள். கலகலப்பான பிள்ளை, வரும்போதே வீடு வெளிச்சமாகிவிடும். இராசமலர் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது மூளை செய்யிற விளையாட்டு, அன்ரி. கன பேருக்கு இப்பிடி வாறது. நீங்கள் பயப்பிடாதையுங்கோ. இந்த வலது கை ஒருக்கா அசைஞ்சுதெண்டால் காணும், பிறகு மற்றதெல்லாம் தானா வரும்."

"அசையுமோ பிள்ளை?"

"ஏன் அசையாது? ஆள் உறுதியான ஆள். என்ன, அங்கிள்?"

அதற்காகத்தான் இராசமலர் மாவிட்டபுரம் கந்தனுக்குக் கற்பூரச்சட்டி நேர்ந்திருந்தாள். காலையிலும் மாலையிலும் அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. அந்தக் கை ஒருக்கா அசையவேண்டும், அவ்வளவுதான்.

கோபிகா சொல்லிக்கொண்டே தன் பையை எடுக்கச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனாள். கனகலிங்கத்தின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. கோபிகா நின்றாள். பிடரியைத் தடவினாள். மூக்கைச் சுளித்துச் சுற்றிப் பார்த்தாள்.

"அன்ரி, வீட்டிலை எங்கையும் சீமெந்து வேலை நடக்குதோ?"

"இல்லையே பிள்ளை."

"ஈரச் சாந்து மணக்குது."

தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்றாலும் கேட்கவில்லை, இன்னும் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று புறப்பட்டுவிட்டாள். மோட்டார்ச் சைக்கிள் ஒழுங்கை முடியும் வரைக்கும் வேகமாகப் போகும் சத்தம் கேட்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, கடற்பக்கமிருந்து காற்றோடு வந்து ஓட்டில் அடித்து, கூரைப் பீலியால் வழிந்து, வளவு முழுக்கத் தவளைச் சத்தமாக நிரப்பிக்கொண்டிருந்தது. நேரத்தோடேயே இருட்டிவிட்டது. இராசமலர் சாமி அறையில் விளக்கை ஏற்றி, கனகலிங்கத்தின் நெற்றியில் திருநீறு பூசி, யன்னல்களைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டாள். போடாமல் விடலாம்தான். ஆனால் போடாவிட்டால் அந்த வீட்டில் மழையும் அவர்கள் இருவரும் மட்டும்தான் என்று நம்பவேண்டி வரும், அதை நம்ப அவளால் முடியவில்லை. தன் கதிரையை அவருக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டு, வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, எண்ணெய் தொட்டாள். எண்ணெய் மணத்துக்குக் கீழே இன்னொரு மணம் இருந்தது. புதிதாகக் குழைத்த சாந்தின் மணம்.

திரையில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரு கூடத்தில் கூட்டி வைத்திருந்தார். வேலைக்காரன் கதவைச் சாத்தினான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

அவள் கேட்கவில்லை. கேட்காமலே இடது கை எழும்பியது.

விரல் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. மேசையில் நிற்கவில்லை. இதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஓரிடம்தான். இன்றைக்கு அது நகர்ந்தது. மேசையின் விளிம்பு. தண்ணீர்க் குடம். சுவரில் கலண்டர். அவசரமில்லாமல், ஒரு ஆள் நடக்கும் வேகத்தில்.

பிறகு அவளுடைய கதிரை.

அவளுடைய முகத்துக்கு நேரே வந்து, கொஞ்சம் உயர்ந்து, தலைக்கு மேலே நின்றது. பின்னால் நிற்கும் ஒருவருடைய முகம் இருக்கவேண்டிய உயரம்.

இராசமலர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரி மயிர் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தது. கந்தா, கந்தா என்று வாய் மட்டும் அசைந்தது. கனகலிங்கத்தின் கண்கள் அவள் தலைக்கு மேலே நிலைகுத்தி நின்றன. அந்த மனுசன் பயந்து அவள் ஒருநாளும் கண்டதில்லை. குண்டு விழுந்த நாட்களிலும் கண்டதில்லை. இப்போது கண்டாள்.

"ஆள் ஆரப்பா?"

குரல் அவளுக்கே கேட்கவில்லை.

விரல் அசைந்தது. அவளைக் கடந்தது. தோள். கை. கதிரையின் கைப்பிடி. அவளை விட்டுப் போகிறது. போய்விட்டது. அவளுக்கு மூச்சு வந்தது. என்னை விட்டுவிட்டது, நல்ல காலம் என்று மனம் சொன்னது. சொன்ன மறுகணமே வெட்கம் சுட்டது. அவளை விட்டு அது எங்கே போகும்? அந்தப் பக்கம் வேறு யார் இருக்கிறார்கள்?

கனகலிங்கத்தின் முழங்கை மடங்கியது. விரல் வளைந்தது. வந்து, கோடு போட்ட சேட்டின் மேல், அவருடைய நெஞ்சிலேயே குத்தி நின்றது.

"இல்லையப்பா," என்றாள். "இல்லை. நீங்கள் இல்லை. உங்களை நான் விடமாட்டன்."

அவள் மடியில் ஏதோ அசைந்தது.

குனிந்து பார்த்தாள். எண்ணெய் பளபளக்க, வலது கையின் சின்னவிரல் மடங்கி விரிந்தது. அடுத்த விரல். அடுத்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை மாதம் விழுந்து கும்பிட்டவள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோசத்தில் அவளுக்கு அழுகை வந்தது. கந்தன் கண் திறந்துவிட்டான். "அசையுது! இஞ்சாருங்கோ, கை அசையுது!"

கை அவள் மடியிலிருந்து எழும்பியது. தடுமாறவில்லை. நோயாளியின் கை இல்லை அது. உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தது. கடையில் ஒரு சாமானை வாங்க முதல் பார்க்கிற மாதிரி. பிறகு நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே தன்னையே காட்டிக்கொண்டு நின்ற இடது சுட்டுவிரலைப் பிடித்தது. மடக்கியது. இடது கை உதறியது, வலையில் அகப்பட்ட மீனாகத் துடித்தது. வலது கை அதை மெல்ல, பொறுமையாக, கதிரையின் பக்கத்துக்கு அமத்திக்கொண்டு போய், அங்கேயே பிடித்து வைத்திருந்தது.

கனகலிங்கம் அவளைப் பார்த்தார். முன்வாசலைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். போ என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

அவள் போகவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். இடது கன்னத்தில் கண்ணீர் வழிந்து அவள் விரல்களை நனைத்தது. முகத்தின் இடது பாதி அழுதுகொண்டிருந்தது. வைகாசியிலிருந்து தொங்கிக்கிடந்த வலது பாதி, அவளைப் பார்த்தபடி, மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கியது.